பங்காளியாக வந்த கடன்

அத்தியாயம் பதினாறு

கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவான் என்பது ஊருக்கே தெரியும். கடனே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "நானும் இந்தக் குடும்பத்துப் பங்காளிதான், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்" என்று சொல்லும் என்பது பெரியக்காவுக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

தொடர்ந்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடலாம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் சக்கரம் செய்கிற சின்னக் கம்பெனி அது. அப்பா தொடங்கியது. அவர் போகும்போது பங்குகளை நூற்றுக்கு நாற்பது மகளுக்கு, நாற்பது மகனுக்கு, மிச்சம் இருபது முதல் நாளிலிருந்து கூட நின்ற தொழிலாளிகளுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் பழைய வீட்டில் தனியாக இருக்கிறாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. சக்கரம் வெளியே போகுமுன் கடைசி மேஜை அவளுடையது. எடையை ஏற்றி, இரும்புத் தகட்டின் மேல் உருட்டிப் பார்ப்பாள். முனகினால் திருப்பி அனுப்பிவிடுவாள். தூங்குகிற நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனாலும் அவன் கண் விழிக்கக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம்.

தம்பிதான் எம்.டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது மெஷின் வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்திடம் போனான். அவர்கள் கொடுத்தது சாதாரணக் கடன் இல்லை, 'கன்வெர்டிபிள்' கடன். கெடு முடியும்போது பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இல்லாவிட்டால் கடனைக் கம்பெனியின் பங்காக மாற்றிக்கொள்ளலாம். எது என்பது அவர்கள் இஷ்டம். மாற்றுகிற விலை? அன்றைக்குக் கம்பெனி என்ன பெறுமோ அதில் ஐந்தில் ஒரு பாகம் தள்ளுபடி. அப்போது ஆர்டர் குவிந்து கிடந்தது. மாற்றினால்கூட நூற்றுக்கு இருபதுக்கு மேல் போகாது என்று தம்பி கணக்குப் போட்டான். கம்பெனி சரிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கை மட்டும் போடவில்லை. இந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். அந்த ஒரு வரியை வாங்கவில்லை.

நாற்பது பங்கு வைத்திருப்பவள் ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ரத்தம் நீட்டுகிற காகிதத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். பாகப்பிரிவினையின்போது தம் அண்ணன் பத்திரத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார் என்பதற்காக, சாகும்வரை அவரோடு பேசாமல் இருந்தவர் அப்பா. ஆகவே தம்பி காகிதத்தை நீட்டினால் பெரியக்கா கேட்பது ஒன்றுதான்: "எங்க போடணும்?" அவன் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அன்பைக் காட்ட அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி தெரியாது.

சரிவு முதலில் எட்டியது பெரியக்காவின் காதுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டிக் கிடக்கும். வீட்டில் அவளும் சுவர்களும்தான். மதியத்துக்கு மேல் தாங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளின் உறவினர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். யாரையும் பார்க்க வரவில்லை. தன் சக்கரங்கள் சத்தமில்லாமல் போவதைக் கேட்க வருவாள். சத்தமில்லாததை எப்படிக் கேட்பது என்று அவளிடம் கேட்காதீர்கள், கேட்பாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் "உங்களுக்கு யாரும்மா உள்ள?" என்று கேட்டால், "எங்க ஆளுங்கதான், நல்லாதான் இருக்காங்க" என்பாள். பொய் இல்லை. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு கட்டில் கிறீச்சென்று கடந்து போனது. அடுத்ததும் கிறீச்சிட்டது. ஆஸ்பத்திரி மலிவுச் சக்கரத்துக்கு மாறிவிட்டது. கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஓசையோடு போய்விட்டது.

போன வாரம் கெடு முடிந்தது. கம்பெனியின் மதிப்பு ஐந்தில் ஒன்றாகிவிட்டது என்று கடன் கொடுத்தவர்களின் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த விலைக்கு, ஏறிய வட்டியும் சேர்ந்து கடன் பங்காக மாறினால் அவர்களுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு. பெரியக்காவின் நாற்பது, பதினைந்து. அந்த மதிப்புக்குப் பழைய பங்குதாரர்களின் சம்மதம் கேட்டு இன்று பிற்பகல் கூட்டம்.

இன்று காலை பெரியக்காவுக்கு அதைவிட அவசரமான தொல்லை ஒன்று இருந்தது. கடைவாய்ப் பல்.

தம்பியின் மனைவி பல் டாக்டர். கடைத்தெரு முனையில் சின்ன கிளினிக். வேறு நோயாளி யாரும் வராத வேளையில் நாத்தனாரை உட்காரவைத்து, நாற்காலியைச் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கை இழுத்துவிட்டாள்.

"நல்லா திறங்க, அண்ணி. இன்னும். ஆங்... அய்யோ, இதை எப்பவோ காட்டியிருக்கணுமே! இவ்வளவு வலியோட எப்படி இருந்தீங்க? சொல்லவே மாட்டீங்களே!"

சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பெரியக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்த நாக்கைத்தான் பல் டாக்டர் பஞ்சு வைத்து ஒதுக்கியிருந்தாள்.

மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு, பல் டாக்டர் கை வேலையோடு வாய் வேலையையும் ஆரம்பித்தாள். வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் பேசுவதில் ஒரு சௌகரியம், குறுக்கே பேச மாட்டார்கள்.

"காலையில அவர் ஒரு வாய் சாப்பிடல, அண்ணி. நான்தான் திட்டினேன். எதுக்கு இப்படிப் பயந்து சாகறீங்க, அதான் அவங்களோட எல்லாம் பேசி முடிச்சாச்சேன்னு."

"ஆ?"

"வலிக்குதா? வலிக்கக் கூடாதே... இருங்க. அவங்க அறுபதோ எழுபதோ எடுத்துக்கட்டுமே, என்ன இப்போ? இவரையே எம்.டி.யா வச்சுக்கறாங்க. மூணு வருஷத்துக்கு எழுத்துல தராங்களாம். சம்பளம் இப்ப எடுக்கறதவிட ஒன்றரை மடங்கு. அதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. பசங்க படிப்பு இருக்கு, ஃப்ளாட் லோன் இருக்கு. உங்ககிட்ட சொன்னப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

பெரியக்காவின் கண்கள் விளக்கிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தன. பல் டாக்டரின் கை நின்றது.

"அண்ணி... சொன்னாரு இல்ல?"

பெரியக்கா தலையை ஆட்டினாள். சொன்னான் என்று. ஏன் அப்படி ஆட்டினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பொண்டாட்டிக்கு முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே தலையே ஆடிவிட்டது.

"அப்பாடா. ஒரு நிமிஷம் பயந்துட்டேன்," என்று பல் டாக்டர் மறுபடியும் குடைய ஆரம்பித்தாள். "உங்களுக்கு ஒண்ணும் குறை வராது, அண்ணி. அவர் பாத்துப்பாரு."

பல்லின் வலி போய்விட்டது. வேறொரு வலி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அக்காவும் தம்பியும் எத்தனையோ வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள். வேலை தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பங்கு போவதைச் சொன்னவன், அதற்கு எதிரே என்ன வருகிறது என்பதை மட்டும் எப்படி விழுங்கினான்?

வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். யாருக்காவது ஃபோன் செய்து இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஃபோனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தாள். ரப்பர் சப்ளையர். பேரிங் கடை. கேஸ் ஏஜென்சி. தம்பி. ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

மதிய இடைவேளையில் பட்டறை பாதி தூங்கும். லேத் ஓட்டுகிறவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே அவள் மேஜைக்கு வந்தார். அப்பா காலத்து ஆள். அவரிடமும் நாலு பங்கு இருந்தது.

"என்ன பெரியக்கா, வாய் ஒரு பக்கமா இருக்கு?"

"பல்லு. ஊசி போட்டிருக்கு. சொல்லுங்க."

"நம்ம பங்கு எங்கயும் போகாதுன்னு எம்.டி. சொல்றாரு. வெளியில வேற மாதிரி பேசிக்கறாங்க. எது நிஜம்?"

பெரியக்கா யோசித்தாள். மறைப்பதற்கு இது என்ன கல்யாணப் பேச்சா?

"ரெண்டும் நிஜம்தான். உங்க நாலு பங்கு நாலாத்தான் இருக்கும். யாரும் பிடுங்க மாட்டாங்க. ஆனா புதுசா பங்கு உண்டாக்கி அவங்களுக்குக் குடுப்பாங்க. பால்ல தண்ணி ஊத்தற மாதிரி."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல."

அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "அதுக்குப் பேரு பால் இல்லியே, பெரியக்கா."

"இல்லதான்."

"சரி, தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும். பட்டறை ஓடுமா? இந்த இடம் நல்ல விலைக்குப் போகும், அதுக்குத்தான் அவங்க கண்ணு வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. பாதிக்கு மேல கையில வந்துட்டா நம்மள யாரு கேக்கப் போறா?"

பாதிக்கு மேல் வைத்திருப்பவன் வைத்ததுதான் சட்டம். இந்த மேஜை, இந்த இரும்புத் தகடு, மதியம் வந்து வாய் ஏன் கோணியிருக்கிறது என்று கேட்கிற இந்த மனிதர், எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். வீட்டில் அவள் வாய் கோணினால் கண்ணாடிதான் கேட்க வேண்டும்.

"மூணு மணிக்கு மேல சொல்றேன்," என்றாள்.

மாடியறையில் கூட்டம். அப்பா காலத்து நீள மேஜை. கண்ணாடி அலமாரியில் முதல் வருஷத்திலிருந்து செய்த மாதிரிச் சக்கரங்கள். கடன் கொடுத்த நிறுவனத்தின் பிரதிநிதி முன்னாலேயே வந்திருந்தார். நல்ல மரியாதைக்காரர். இடி விழுந்தாலும் சிரித்த முகம் மாறாது. பெரியக்கா அவருக்குப் புன்னகை என்றே பெயர் வைத்திருந்தாள்.

"வாங்க மேடம். ரொம்ப சிம்பிள் விஷயம்தான், பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும்."

தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலர் நனைந்திருந்தது. தொழிலாளிகளின் பங்குகளை எல்லாம் சேர்த்தாலும் இந்தக் கூட்டத்தில் பேசப் போதாது. அக்காவும் தம்பியும் ஒத்துக்கொண்டால் முடிந்தது. தம்பி தன் இடத்தில் ஏற்கெனவே போட்டிருந்தான். காகிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினான். பென்சிலால் சின்னப் பெருக்கல் குறிகள் போட்டு வைத்திருந்தான்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, அக்கா."

பெரியக்கா பேனாவை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்தாள்.

"இரு. படிச்சுட்டுப் போடறேன்."

கேட்பவர்களுக்கு இது ஒரு சாதாரண வாக்கியம். அந்த இருவருக்கும் அது சாதாரணம் இல்லை. தம்பியின் முகம் செத்துவிட்டது. முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் அக்கா கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

"என்னக்கா?"

"படிக்கணும்டா."

படித்தாள். வேகமாகப் படிக்க வராது. மரத்துப்போன உதடு அசைய அசைய, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பெரியப்பா இப்படித்தான் படித்திருப்பார் என்று தோன்றியது. அவரைப் பொல்லாதவர் என்றே சொல்லி வளர்த்திருந்தார்கள். பாவம், அவரும் தனியாகத்தான் செத்தார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. புன்னகை ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த மதிப்பு போட்டவர் நீங்க அனுப்பின ஆளு, இல்லியா?"

"ஒப்பந்தப்படி நாங்கதான் நியமிக்கணும், மேடம்."

"ரெண்டு புது ஆர்டர் பேசிட்டிருக்கோம். அதைச் சேர்த்தாரா?"

"பேச்சுல இருக்கறதையெல்லாம் சேர்க்க முடியாதே."

"கம்பெனி மதிப்பு எவ்வளவு குறையுதோ அவ்வளவு பங்கு உங்களுக்கு அதிகமாகும். சரிதானே?"

"கணக்கு அப்படித்தான். நாங்களும் ரிஸ்க் எடுத்துத்தானே பணம் குடுத்தோம், மேடம்?"

"எடுத்தீங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா நாங்க விழ விழ நீங்க வளர்றீங்க. நல்லா ஓடினாலும் உங்களுக்குத் தள்ளுபடி, நொடிச்சாலும் உங்களுக்குப் பட்டறை. இதுல உங்க ரிஸ்க் எங்க இருக்குன்னுதான் தேடிட்டிருக்கேன்."

புன்னகை முதல்முறையாக உதட்டை மூடினார். தம்பி அக்காவைப் பார்க்கவே இல்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மதிப்பு சரியில்லைன்னா ரெண்டாவது மதிப்பீட்டாளரைக் கேக்கலாம்னு போட்டிருக்கு. பத்து பங்குக்கு மேல வச்சிருக்கற யார் வேணா கேக்கலாமாம்."

"தாராளமா கேக்கலாம், மேடம். ஆனா அடுத்த வரியையும் படிச்சிருப்பீங்க. அப்படிக் கேட்டா, பங்கா மாத்திக்கறதை நாங்க வாபஸ் வாங்கிக்கிட்டு, முழுப் பணத்தையும் உடனே கேக்கலாம்."

"படிச்சேன்."

"அக்கா," என்றான் தம்பி. "அஞ்சு நிமிஷம் வெளியில வா. ஒரு விஷயம்."

"இங்கயே சொல்லு."

அவன் புன்னகையைப் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். வேலை விஷயத்தைத்தான் விழுங்குகிறான் என்று பெரியக்கா நினைத்தாள். நினைத்ததும் கை தானாகப் பேனாவை எடுத்தது. பென்சில் குறிகளை விட்டுவிட்டு, அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினாள்: இந்த மதிப்பை ஏற்கவில்லை, இரண்டாவது மதிப்பீடு வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டாள். யாரும் விரல் காட்டாத இடத்தில் அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

புன்னகை காகிதத்தை வாங்கிப் படித்தார். சிரிப்பு திரும்ப வந்துவிட்டிருந்தது. "ரொம்ப நல்லது. மேலிடத்துல பேசிட்டு, பங்கா பணமான்னு இன்னிக்கே சாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்." எழுந்து கைகூப்பிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அறையில் இருவர் மட்டும். கீழே லேத் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது.

"என்னை அந்த ஆளு முன்னாடி திருடன் ஆக்கிட்ட," என்றான் தம்பி.

"உன்னை எம்.டி.யா வச்சுக்கறாங்களாமே. ஒன்றரை மடங்கு சம்பளமாம்."

அவன் நிமிர்ந்தான். "யார் சொன்னா?"

"பல்லு வலிச்சுது. போயிருந்தேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "சரி. ஆமா, வேலை தராங்க. அதுக்காகத்தான் நான் தலையாட்டினேன்னு நினைக்கறியா?"

"வேற எதுக்கு? அப்பா கட்டின பட்டறைக்கு அடிமாட்டு விலை போடறாங்க, என் தம்பி வாயைத் திறக்கல. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேக்கல. நான் என்னன்னு நினைக்கறது?"

"உன் வீட்டுக்காக, அக்கா."

பெரியக்காவுக்கு விளங்கவில்லை. "என் வீடு இதுல எங்கடா வந்துச்சு?"

"அவங்க பணமா கேட்டா கம்பெனியில அவ்வளவு பணம் கிடையாது. ஈடு ஒண்ணு குடுத்திருக்கோம். பணம் கட்டலைன்னா அதை எடுத்துப்பாங்க." மேஜையைப் பார்த்தபடி சொன்னான். "ஈடு உன் வீடு."

"நான் எப்ப குடுத்தேன்?"

"லோன் வாங்கின அன்னிக்கு. ஒரு கட்டு காகிதம் கொண்டு வந்தேனே, நீ சமையக்கட்டுல நின்னுக்கிட்டே போட்டியே. அதுல அதுவும் இருந்துச்சு. என் ஃப்ளாட் ஏற்கெனவே பேங்க்ல இருக்கு. வேற வழி தெரியல. திருப்பிடலாம்னு நெனச்சேன். சத்தியமா திருப்பிடலாம்னுதான் நெனச்சேன்."

"சொல்லலியே நீ."

"நீ கேக்கலியே."

இரண்டு பேரும் சொன்னது உண்மை.

தம்பி சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தான். "கடன் பங்கா மாறிட்டா ஈடு தானா விடுபட்டுரும். மதிப்பைப் பத்தி நான் வாயைத் திறந்தா, பணமா குடுன்னு கேட்டுருவாங்க. அதான் மூடிக்கிட்டு இருந்தேன். அவங்க வேலை தரேன்னதும் சரின்னேன், உள்ள ஒருத்தனாவது இருந்தா உன் மேஜையை எடுக்காம பாத்துக்கலாமேன்னு. கம்பெனி போனா போகட்டும், உன் தலைக்கு மேல ஒரு கூரையாவது மிஞ்சட்டும்னு... நீ என்னடான்னா அதையே தூக்கி அவன் கையில குடுத்துட்ட."

பெரியக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஊசியின் மரமரப்பு விட்டுக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது ஒரு சிரிப்பு, கோணல் வாயோடு. தம்பி பயந்துவிட்டான்.

"எதுக்குக்கா சிரிக்கற?"

"பட்டறையைக் குடுத்து வீட்டைக் காப்பாத்தினியா? எனக்காகவா?" அவள் குரல் உடைந்தது. "அந்த வீட்டுல எனக்கு யாருடா இருக்கா?"

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நீ கல்யாணம் ஆகிப் போனதுலேருந்து அங்க ரெண்டு ரூமைத் திறக்கறதே இல்ல. சாயங்காலம் போய்க் கதவைத் திறந்தா, காலையில நான் வச்ச தம்ளர் வச்ச இடத்துல இருக்கும். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, அன்னிக்கு நான் என்ன பண்றேன்னு என்னிக்காவது கேட்டிருக்கியா? எனக்கு மனுஷங்க இருக்கறது இங்கதான்டா. கீழே இருக்கறவங்கதான். வாய் கோணியிருந்தா ஏன்னு கேக்கறவங்க. நீ காப்பாத்தினது நாலு சுவரை. வித்தது என் வீட்டை."

தம்பி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த நிமிஷம் பத்து வயதுக்காரன் போல விழித்தான்.

"தெரியாதேக்கா."

"எப்படித் தெரியும்? நான் சொன்னாத்தானே. நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன்னே சொல்லிட்டிருந்தேன். நீயும் அதைப் படிக்காம கையெழுத்துப் போட்ட."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யார் தப்பு என்று பிரித்துப் பார்த்தால் ஆளுக்குப் பாதி வரும். வீடு போனால் எங்கே போய்ப் படுப்பது என்ற பயமும் இல்லாமல் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது? ஆனால் பட்டறை இல்லாத காலையை நினைத்தபோது வந்த பயத்துக்கு முன்னால் அது சின்னது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றான் தம்பி மெல்ல. "அந்தக் காகிதத்தை வாபஸ் வாங்கிக்கறேன்னு நீ ஒரு வரி எழுதிக் குடுத்தா, வீடு தப்பிச்சுரும்."

"பட்டறை?"

"போயிரும்."

"அப்ப எழுத மாட்டேன்."

"வீடு போயிரும்க்கா."

"அந்த ஈட்டுக் காகிதத்தையும், மொத்த ஒப்பந்தத்தையும் கொண்டு வா. ரெண்டு பேரும் உக்காந்து படிக்கலாம். படிச்சுட்டு அழலாம்."

அவன் எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் அவன் ஃபோன் அதிர ஆரம்பித்தது. திரையில் நிதி நிறுவனத்தின் பெயர். இவ்வளவு சீக்கிரமா என்று இருவரும் அதையே பார்த்தார்கள். தம்பி வழக்கம்போல ஃபோனை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தான்.

"வெளியில போய்ப் பேசிட்டு வரேன்."

"வேணாம். இங்கயே பேசு. ஸ்பீக்கர்ல போடு."

அவன் கதவருகே நின்றான். ஒரு நிமிஷம் யோசித்தான். திரும்பி வந்து, எதிர் நாற்காலியை விட்டுவிட்டு அக்காவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபோனை மேஜை நடுவில் வைத்துப் பொத்தானைத் தட்டினான்.

"சார்," என்றது புன்னகையின் குரல், இப்போது அதில் சிரிப்பே இல்லை. "எங்க முடிவு ஆயிடுச்சு. சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க அக்கா பக்கத்துல இல்லையே?"

தம்பி பெரியக்காவைப் பார்த்தான்.

"பக்கத்துலதான் இருக்காங்க," என்றான். "சொல்லுங்க."